இரவல் பொருள் வீட்டில் நனையக்கூடாது

ஸ்பைசர் ஓடை என்கிற எங்கள் ஊரில் சூரியன் காலை பத்தரை மணிக்கு உதித்து மதியம் இரண்டரைக்கு மறைந்துவிடும். இரண்டு பக்கமும் மலை அப்படி நெருக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு தடவை பௌர்ணமி நிலவு கொஞ்சம் தாழ இறங்கி, இரண்டு மலைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. நானும் என் சிநேகிதன் ஆர்லிஸும் சுரங்கத்துக் கம்பத்தைக் கொடுத்து நெம்பி மேலே தள்ளிவிட்டோம். அதன் இடது விளிம்பில் கீறல் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள். இதை நான் யாரிடம் சொன்னாலும் ஆர்லிஸ் மறுக்கமாட்டான். "வலது விளிம்பு" என்று மட்டும் திருத்துவான்.

அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் இந்தக் கிழக்கு மூலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தோம். நான் சுரங்கக் கூரை சரியாமலிருக்க இரும்பு ஆணி ஏற்றுகிறவன். அவன் தண்ணீர் இறைக்கிற பம்ப்புகளைப் பார்த்துக்கொள்கிறவன். சுரங்கத்தை மூடியபோது ஆளுக்கொரு கைக்கடிகாரமும் நெஞ்சு நிறையக் கரித்தூசியும் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரம் இரண்டும் நின்றுவிட்டன. தூசி மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கொஞ்சம் வேகமாக. கடைசி வருஷங்களில் சமையலறை மூலையில் ஆக்சிஜன் மெஷின் முனகிக்கொண்டே இருக்கும். அதன் குழாய் வாசற்படி வரைக்கும் நீளும். அதற்கு மேல் போகவேண்டுமானால் சிறிய சிலிண்டரை நாயைப்போல இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

அவன் மகள் டிரெஸ்ஸி. அவளுடைய புருஷன் வேலை தேடி ஓஹையோவுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. அவள் முப்பத்தேழு வயதில் கீழே டவுனிலிருக்கும் சமுதாயக் கல்லூரியில் மூச்சுச் சிகிச்சைப் படிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருஷப் படிப்பு. முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை. ஐம்பது தாண்டிய ஆம்பிளை ஒவ்வொருவனும் மாடிப்படியை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறுகிற ஊரில் அந்தப் படிப்பு படித்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது.

"அந்த வயசுல பள்ளிக்கூடமா? பெஞ்சு தாங்குமாடி?" என்றேன்.

"உங்க நாக்கையே இந்த வீடு தாங்குதே வெர்லின் மாமா, பெஞ்சு தாங்காதா?" என்றாள்.

முதல் வருஷம் நன்றாகவே தேறினாள். படிப்பு முடிகிறவரைக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு லேப்டாப்பைக் கல்லூரியில் இரவல் கொடுத்திருந்தார்கள். ஆர்லிஸ் அதைத் தொடமாட்டான். அவள் படிக்காத நேரங்களில் பிரிட்ஜின் தலைமேல் துண்டு போட்டு மூடியிருக்கும். அது கீழே இருந்தால் காப்பிக் கோப்பையோடு யாரையும் அந்தப் பக்கம் விடமாட்டான்.

எங்கள் ஓடையில் இரவலுக்கு ஒரு முறை உண்டு. வாங்கின பொருளுக்கு நம் வீட்டில் வேலையில்லை என்று ஆகிவிட்டால், அல்லது நம் வீட்டில் அதற்கு ஆபத்து என்றால், கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது. கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். வெறுங்கையோடும் கொடுக்கக்கூடாது. மண்வெட்டி போனால் அதன்மேல் நாலு சோளக்கதிராவது இருக்கும். மேல்வீட்டு ஹோபார்ட் தன்னுடைய ஏணியை ஊருக்கெல்லாம் இரவல் கொடுத்து, அது ஒவ்வொரு தடவையும் ஜாம் ஜாடியோடு திரும்பி வந்ததில், கடைசியில் அந்த ஏணி தாங்காத அளவுக்குப் பெருத்துவிட்டான்.

கடைசி வருஷப் படிப்பு ஆகஸ்டில் தொடங்கியது. செப்டம்பர் முதல் வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் ஓடை தன் நிறத்தை மாற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஏறியது. டிரெஸ்ஸி அக்கம்பக்கத்துக் கிழவிகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுச் சர்ச்சுக்குப் போயிருந்தாள். நான் என் பிக்கப் வண்டியோடு ஆர்லிஸை ஏற்றிப்போக வந்தேன். சிலிண்டர் ஒரு கையில், லேப்டாப் பை மறு கையில், வாசலில் நின்றிருந்தான்.

"சர்ச்சுக்குத்தானே?"

"மொதல்ல காலேஜுக்கு விடுடா."

"பைத்தியமா உனக்கு? பாலம் போகப்போகுது."

"அதான் சொல்றேன். பாலம் போறதுக்குள்ள விடு. இரவல் பொருள் நம்ம வீட்டுல நனையக்கூடாது."

"ஒம் பொண்டாட்டி தையல் மெஷின் உள்ள இருக்குடா. போட்டோ எல்லாம் இருக்கு."

"அதெல்லாம் நம்மளுது. நனையலாம்."

விட்டேன். கல்லூரிக் கவுண்டரில் பையை நீட்டினான். கூடவே உப்பில் ஊறவைத்த பீன்ஸ் ஒரு ஜாடி. அங்கிருந்த பெண் ஜாடியைப் பார்த்து விழித்தாள். பையை வாங்கி வைத்துக்கொண்டாள். நாங்கள் திரும்பும்போது பாலத்தின்மேல் தண்ணீர் ஓடியது; மீன்கள் எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அன்று மாலை அந்தப் பாலம் போனது. ஆர்லிஸின் வீட்டுக்குள் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். தையல் மெஷின் கிடைக்கவே இல்லை.

அப்புறம் சேறு. சேற்றைப்பற்றி நான் கதைகூடச் சொல்லமாட்டேன். மண்வெட்டியால் வெட்டி, தள்ளுவண்டியில் வைத்து, கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தால், வெட்டின இடத்தில் புதிதாக நிற்கும். சுவர்ப் பலகையெல்லாம் பெயர்த்துப்போட்டாள் டிரெஸ்ஸி. போனும் வெள்ளத்தோடு போய்விட்டது. அரசாங்கம் தற்காலிகப் பாலம் போட்டு அவள் டவுனுக்குப் போகும்போது இலைகள் சிவக்க ஆரம்பித்திருந்தன. மதியமே திரும்பி வந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"என்னைத் தூக்கிட்டாங்க மாமா."

"வெள்ளம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். லேப்டாப்பை வெள்ளத்துல விட்டவங்களுக்கெல்லாம் அவகாசம் குடுத்திருக்காங்க. புதுசுகூடக் குடுத்திருக்காங்க. நம்மளுது மட்டும் பத்திரமாத் திரும்பி வந்திருச்சாம். பொருளையும் திருப்பிக் குடுத்து, வகுப்புக்கும் வரலைன்னா, விலகிட்டான்னு கணக்காம். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு இருக்குறதே கொஞ்ச இடம். என் இடத்தை வரிசைல நின்ன வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க."

அங்கே மிஸ் ஹாலட் என்று ஒருத்தி இருக்கிறாள். படிப்பை நடுவில் விடுகிறவர்களைத் தேடிப் பிடித்து நிறுத்துவதே அவளுக்கு உத்தியோகம். டிரெஸ்ஸியின் போனுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். அந்தப் போன் அப்போது ஓஹையோ ஆற்றுக்குள் எங்கேயோ மீன்களுக்கு அடித்துக்கொண்டிருந்திருக்கும். டிரெஸ்ஸிக்காகக் கல்லூரித் தலைவர்வரை போய்ச் சண்டை போட்டும் அவளால் வாங்க முடிந்தது ஒன்றுதான்: அடுத்த ஆகஸ்டில், விட்ட இடத்திலிருந்து ஓர் இடம். அதற்குமுன் மறுபடி ஒரு பரீட்சை எழுதித் தேறவேண்டும்.

"அப்பாவுக்குத் தெரியக்கூடாது மாமா," என்றாள் டிரெஸ்ஸி. "தன் கையால கொண்டுபோய்க் குடுத்ததாலதான்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்கமாட்டாரு."

அன்றிலிருந்து அவள் தினமும் காலையில் கல்லூரியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவாள். போவது நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குக்கு. அங்கே கடைக்குள் கோழி பொரிக்கிற கவுண்டரில் வேலை. சாயந்திரம் வரும்போது எண்ணெய் வாசனை வாசலுக்கு முன்னாலேயே வந்துவிடும்.

"என்னம்மா, காலேஜ்ல கோழி வாசனை?" என்று ஆர்லிஸ் கேட்டான் ஒருநாள்.

"வகுப்புக்குப் பக்கத்துலயே கேன்டீன்ப்பா."

"நல்ல காலேஜ்," என்றான்.

நவம்பரில் அவனை டவுன் கிளினிக்குக்கு நான் கூட்டிப்போனேன். திரும்பும்போது, "காலேஜ்ல நிறுத்துடா. ரோடுதான் சரியாயிருச்சே, அந்த லேப்டாப் பெட்டியை வாங்கிட்டுப் போயிரலாம். பாவம், பெட்டி இல்லாமப் படிக்கிறா," என்றான். எனக்குப் பசிக்கிறது என்றேன். வண்டியில் சத்தம் வருகிறது என்றேன். நிலவில் கீறல் போட்ட கதைக்கு ஒத்துப்போகிறவன் இதில் எதையும் நம்பவில்லை.

கவுண்டரில் அதே பெண்.

"செப்டம்பர்ல ஒரு பெட்டி கொண்டாந்து குடுத்தேம்மா. அதை வாங்கிட்டுப் போக வந்தேன். டிரெஸ்ஸி பேர்ல இருக்கும். என் மக. உள்ளதான் இருப்பா, கூப்பிட்டாலும் சரி."

அவள் தட்டிப் பார்த்தாள். "அவங்க இப்ப மாணவி இல்லையே சார். செப்டம்பர்லயே விலகிட்டாங்க."

"விலகலைம்மா. காலைலதான் கெளம்பினா. நீலச் சட்டை."

"லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்துட்டு வகுப்புக்கும் வரலைன்னா விலகினதாத்தான் சார் எடுத்துக்குவோம்."

"குடுத்தது அவ இல்லியே. நான்."

ஆர்லிஸ் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் மூச்சு வாங்கினான். பிறகு, "அப்ப என்னை விலக்குங்க," என்றான்.

"சார்?"

"என் பேரைப் போட்டு, விலகிட்டான்னு எழுதிக்கோங்க. அவளை உள்ள விட்டுருங்க."

"நீங்க இங்க படிக்கலையே சார்."

"அதனாலதான் சொல்றேன். சுலபமா முடியும்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்துபோய் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, கோப்பையைத் துடைத்து, திருப்பிக் கொடுத்தான்.

வண்டியில் சிலிண்டர் விட்டுவிட்டுச் சீறியது.

"மறுபடி எப்ப எடுப்பாங்க?" என்றான்.

"ஆகஸ்ட்ல. பரீட்சை வச்சு."

"அதுவரைக்கும் கோழி பொரிச்சா எல்லாம் மறந்திரும்." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். "வேலை நின்னுபோன சுரங்கத்துலயும் பம்ப்பை ஓட்டிக்கிட்டே இருக்கணும்டா. கரி எடுக்குறது அப்புறம். ஒரு மாசம் பம்ப்பை நிறுத்தினா தண்ணி நிரம்பிரும், பெறகு எவனும் உள்ள எறங்க முடியாது. நீ அவகிட்ட மூச்சு விடக்கூடாது, தெரியுதா? எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா நாடகம் போட வேண்டியதில்லை. புத்தகத்தை மூடி வச்சிருவா."

அன்று இரவுச் சாப்பாட்டில் தொடங்கியது. வேகவைத்த பின்டோ பீன்ஸ், இரும்புச் சட்டியில் சுட்ட சோளரொட்டி, பச்சை வெங்காயம். நானும் இருந்தேன்; அந்த வீட்டுச் சோளரொட்டி இருக்கும் இடத்தில் நான் இருப்பது வழக்கம்.

"இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்றான் ஆர்லிஸ்.

டிரெஸ்ஸியின் கரண்டி ஒரு கணம் நின்றது. "வென்டிலேட்டர் பத்தி."

"அது மூச்சை உள்ள தள்ளும், வெளிய விடும். தெரியும். வெளிய விடும்போது எல்லாத்தையும் விட்டுருமா?"

"இல்லப்பா. கொஞ்சம்... கொஞ்சம் காத்தை மிச்சம் வச்சுக்கும்."

"எதுக்கு?"

உதட்டைக் கடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். அடுத்தநாள் அதையே மறுபடி கேட்டான். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் அவள் ஒரு பழைய புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெட்ரோல் பங்குக்கு வருகிற நர்ஸ் ஒருத்தியிடம் வாங்கினது என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

"இங்க பாருப்பா. நுரையீரல் முழுக்கச் சின்னச் சின்னக் காத்துப் பை. நோவுல கெடக்கறவங்க மூச்சை முழுசா வெளிய விட்டுட்டா அதெல்லாம் சுருங்கி ஒட்டிக்கும். மறுபடி பிரிக்கிறது கஷ்டம். அதனால ஒவ்வொரு மூச்சு முடியும்போதும் மெஷின் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளயே நிறுத்தி வைக்கும்."

"கூரைக்கு முட்டுக் குடுக்குற மாதிரி."

"ஆமாப்பா. முட்டுதான். காத்தால முட்டு."

"முட்டு ரொம்ப அழுத்திட்டா?"

"கிழிஞ்சிரும். அதுக்கு அளவு இருக்கு."

"என்ன அளவு?"

"சாப்பிட விடுவியா மாட்டியா?"

"நீ சாப்பிடு. நாளைக்குச் சொல்லு."

குளிர்காலம் முழுக்க இதுதான். பனி கொட்டிக் கதவு திறக்காத நாட்களில் மட்டும் எனக்குப் பாடம் போய்விடும். சண்டை போடுகிறவன்போலக் கேள்வி கேட்பான். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் நகம் ஏன் நீலமாகிறது? மருந்தை ஏன் புகையாக அடிக்கிறார்கள், விழுங்கினால் ஆகாதா? "இதுகூடத் தெரியலையே, அந்தக் காலேஜ்ல என்னத்தைப் பொரிக்கிறாங்க?" என்பான். நான் சோளரொட்டியைக் கீழே போட்டுவிடுவேன். அவள் முகம் சிவந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டுவாள். சில நாள் கவுண்டரிலேயே, கோழி வேகிற நேரத்தில், எண்ணெய்க் கையோடு படிப்பதாக லாரி டிரைவர் ஒருவன் என்னிடம் சொன்னான்.

ஏப்ரலில் கேள்விகள் குட்டையாயின. ஒரு கேள்வியை முடிக்க அவனுக்கு இரண்டு மூச்சு, மூன்று மூச்சு தேவைப்பட்டது. அவள் அவன் விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்ப்பாள், மெஷினின் குமிழைத் திருகுவாள். தான் படித்த பக்கத்தை ஒவ்வொன்றாக அப்பாவின் மார்பில் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்லிஸ் போய்ச்சேர்ந்தான். ஞாயிறு கல்லூரிக்கு விடுமுறை என்பதால் அன்றைக்குக் கேள்வி கேட்கமாட்டான். அவள் அடுப்பில், பிஸ்கட் என்று நாங்கள் சொல்லும் மெத்து ரொட்டிக்குக் குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். மெஷின் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்து, அவன் நாற்காலிக்குக் கிட்டே போய், கையைப் பிடித்து, பிறகு மெஷினை நிறுத்தினாள். அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. குழம்பு அடிப்பிடித்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன்.

ஜூலைக் கடைசியில் மிஸ் ஹாலட் தன் சிறிய காரில் ஓடை ஏறி வந்தாள். காரின் வயிறு கல்லில் இடித்த சத்தம் முன்னால் வந்தது. ஆர்லிஸ் வீட்டு வாசற்படியில் டிரெஸ்ஸியும் நானும் பச்சை பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தோம்.

"இடம் இருக்கு டிரெஸ்ஸி," என்றாள் ஹாலட். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆமான்னு சொல்லிடுங்க. அதுக்கப்புறம் என்னால பிடிச்சு வைக்க முடியாது. பரீட்சை ஆகஸ்ட் பத்தாம் தேதி."

"வேணாம் மேடம். உங்களுக்கு ரொம்ப உபகாரம். ஆனா வேணாம்."

"ஏன்?"

"ஒரு வருஷமா வகுப்பே இல்லை. யாருக்காக மறுபடி? அங்க கோழிக் கவுண்டர்ல என்னை மேனேஜர் ஆக்கறேங்கிறாங்க."

ஹாலட் கெட்டிக்காரப் பெண். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பீன்ஸை ஒரு கை உரித்துக் கொடுத்துவிட்டு, போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். கார் மறுபடி அதே கல்லில் இடித்தது.

செத்தவனுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது எங்கள் ஊரில் நல்ல காரியமில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

"உங்கப்பனுக்குத் தெரியும்," என்றேன்.

"என்ன தெரியும்?"

"காலேஜ்ல நீ இல்லைன்னு. நவம்பர்ல கவுண்டர்ல போய் நின்னு அந்தப் பெட்டியைத் திருப்பிக் கேட்டான். ஒனக்குப் பதிலா என்னை விலக்குங்கன்னான்."

"நவம்பர்லேருந்தா? அப்ப குளிர்காலம் பூராவும் அந்தச் சமையல்கட்டுல நான் கூத்தாடிக்கிட்டிருந்தேன், ரெண்டு கிழடும் உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தீங்க."

"சோளரொட்டியும் தின்னோம்."

சட்டியைத் தூக்கி எறிந்தாள். பீன்ஸ் முற்றம் முழுக்கச் சிதறியது.

"அந்தப் பாரம் அவருக்கு வேணாம்னுதானே நான் தினமும் அந்தச் சட்டையை மாட்டினேன்! அதைச் சுமந்துக்கிட்டேதான் செத்தாரா? சொல்லுங்க. சுமந்துக்கிட்டேதான் போனாரா?"

குனிந்து பீன்ஸ் பொறுக்கினேன். குனிந்தால் எனக்கும் இப்போதெல்லாம் மூச்சு முட்டுகிறது. அவள் அழுது முடிக்கிறவரைக்கும் பொறுக்கினேன்.

"ஏன் கேட்டுக்கிட்டே இருந்தாரு?" என்றாள் கடைசியில்.

"நீ மறந்துடக் கூடாதுன்னு. ஆகஸ்ட் வரைக்கும்."

"அந்த முட்டு விஷயத்தை மூணு நாள் கேட்டாரே மாமா," என்றாள்.

"மொத நாள் நீ தப்பாச் சொன்னேன்னான்."

"ரெண்டாம் நாள்?"

"கொஞ்சம் கம்மியான தப்புன்னான்."

"மூணாம் நாள்?"

"மூணாம் நாள் ஒண்ணும் சொல்லலை. என்னை வழியனுப்புற சாக்குல கொழாய் நீளுற வரைக்கும் வெளிய வந்தான். இந்தப் படியிலதான். பனியில கொஞ்சநேரம் நின்னுட்டு உள்ள போயிட்டான்."

அவள் படியைப் பார்த்தாள். எழுந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள். எங்கள் பள்ளத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான்: உச்சியில், குடும்பக் கல்லறைகள் இருக்கும் மேட்டில். புதைத்து வைத்திருக்கிற சொந்தக்காரர்களுக்கு நடுவே நின்றுகொண்டுதான் டாக்டரையும் கூப்பிடவேண்டும், கரண்ட் ஆபீசையும் கூப்பிடவேண்டும். என்னால் அவ்வளவு தூரம் ஏறமுடியாது. கீழே நின்று பார்த்தேன். புது மண்ணுக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

ஹாலட் பிற்பாடு சொன்னாள், அன்றைக்கு அவளுடைய ஆபீஸ் போன் மெஷினில் இரண்டு செய்தி பதிவாகி இருந்ததாம். முதலாவதில் பேச்சே இல்லையாம்; வெறும் மூச்சு. மலையேறின மூச்சா, அழுத மூச்சா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டாவதில், 'ஆமா, வர்றேன்' என்றுவிட்டு, அங்கே ஒருத்தருக்கும் தன்னைத் தெரியாது என்பதுபோல, டிரெஸ்ஸி தன் பெயரைச் சொல்லி, பிறகு அதை எழுத்தெழுத்தாகவும் சொல்லியிருந்தாளாம்.